மணிக்கூலியும் மத்யன் ஒப்பந்தமும்

 



நம் தந்தையர் காலத்தில் ஒருவர் வேலைக்குப் போகிறார் என்றால் அதன் பொருள் எல்லோருக்கும் விளங்கும். காலையில் போவார், மாலையில் திரும்புவார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். பெருநாளைக்கு முதலாளி துணி எடுத்துக் கொடுப்பார். நோய் வந்து நான்கு நாள் படுத்தால் ஆள் அனுப்பி விசாரிப்பார். சம்பளம் குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் அது நாளைக்கும் உண்டு என்ற நம்பிக்கையில் வீட்டில் உலை கொதித்தது.

இன்று அந்த வேலை மணிகளாக உடைந்து போயிருக்கிறது. கையில் ஒரு செல்போன், அதில் ஒரு செயலி, கீழே ஒரு மோட்டார் சைக்கிள். இவை மூன்றும் இருந்தால் ஓர் இளைஞன் இன்று காலையே சம்பாதிக்கத் தொடங்கிவிடுகிறான். உணவுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கிறான். ஆட்டோவோ காரோ ஓட்டுகிறான். பொருள்களை வீடு வீடாகச் சேர்க்கிறான். படித்த பெண்மணிகள் வீட்டிலிருந்தபடியே கணினி மூலம் மணிக்கணக்கில் பாடம் நடத்துகிறார்கள். கணக்கு எழுதித் தருகிறார்கள். இப்படிப்பட்ட வேலையில் 2020-21ஆம் ஆண்டில் நம் நாட்டில் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029-30க்குள் அது 2 கோடியே 35 லட்சமாகப் பெருகும் என்றும் நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை கணித்தது. அந்தக் கணக்கில் நம் வீட்டுப் பிள்ளைகளும் அடக்கம். எந்த மஹல்லாவுக்குப் போனாலும் பள்ளிவாசல் வாசலில் முதுகில் பெரிய பையுடன் செருப்பைக் கழற்றும் வாலிபர்களைக் காணாமல் இருக்க முடியாது.

இந்த மாற்றத்தைப் பற்றி நம்மிடம் இரு சாராரும் கேட்கிறார்கள். “நிரந்தர வேலை இல்லாதவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். “யாருக்கும் கைகட்டி நிற்காமல் நினைத்த நேரம் உழைக்கிறேன், இதில் என்ன குறை?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இவ்விரு கேள்விகளையும் மார்க்கத்தின் முன்னால் வைத்துப் பார்ப்பது நம் கடமை.

இது நமக்குப் புதிதல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். மணிக்கணக்கில் உழைப்பதோ, செய்த அளவுக்குக் கூலி வாங்குவதோ இழிவல்ல. ஸஹாபாப் பெருமக்களில் அறிவின் வாசல் எனப் போற்றப்படும் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள், ஒரு வாளித் தண்ணீர் இறைத்தால் ஒரு பேரீச்சம்பழம் என்று பேசி, ஒரு யூதருடைய தோட்டத்தில் கூலிக்குத் தண்ணீர் இறைத்த செய்தி திர்மிதி, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இடம் பெற்றிருக்கிறது. நபியின் மருமகன், பின்னாளில் முஸ்லிம்களின் கலீஃபா. அவருடைய கூலி வாளிக் கணக்கில்!

நம் நாயகம் (ஸல்) அவர்களே மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகளுக்காக மேய்த்ததை வெட்கமின்றி எடுத்துரைத்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹில் கூலி பற்றிய பகுதியில், நண்பகல் வரை ஆள் அமர்த்துவதற்கு ஒரு பாடம், அசர் வரை அமர்த்துவதற்கு ஒரு பாடம், அசரிலிருந்து இரவு வரை அமர்த்துவதற்கு ஒரு பாடம் என்று தனித்தனியே தலைப்பிட்டிருக்கிறார்கள். பகுதி நேர வேலை என்று இன்று நாம் சொல்வதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஹதீஸ் நூலில் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது.

நம் ஊர்களை எடுத்துக் கொண்டாலும் அப்படித்தான். மேலப்பாளையத்தில் எத்தனை தாய்மார்கள் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பீடி சுற்றிப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள்! அவர்களுக்கு ஏது ஆபீஸ், ஏது நேரக் கணக்கு? அடுப்பில் சோறு வேகும். கை இலையைச் சுருட்டும். ஆனால் அவர்கள் பட்ட கஷ்டமும் நமக்குத் தெரியும். கட்டில் குறை சொல்லிக் கழித்துவிட்ட பீடிக்குக் கூலி இல்லை. இலையும் தூளும் குறைவாகக் கொடுத்துவிட்டு எண்ணிக்கை மட்டும் முழுதாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம்தான், வீட்டில் இருந்து வேலை செய்பவரும் தொழிலாளியே என்று ஒப்புக் கொண்டது. ஆக, நேரம் கட்டுப்பாடற்றது என்பதால் வேலை இலேசாகிவிடாது. உழைப்பவர் தொழிலாளி அல்லாதவராகவும் ஆகிவிடமாட்டார்.

மத்யனில் நடந்த ஒப்பந்தம்

நேரத்தில் நெகிழ்வுள்ள வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அருள்மறையிலேயே ஓர் அழகிய முன்மாதிரி இருக்கிறது. சூரத்துல் கஸஸில் 23ஆம் வசனத்திலிருந்து 28ஆம் வசனம் வரை ஒரு முறை நிதானமாக ஓதிப் பாருங்கள்.

நபி மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து உயிருக்குத் தப்பி மத்யன் வந்து சேர்கிறார்கள். ஊர் இல்லை, உறவு இல்லை, கையில் காசில்லை. கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் கால்நடைகளுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டு நிழலில் போய் அமர்ந்து, தாம் இறைவனின் எந்த நன்மைக்கும் தேவையுள்ளவராக இருப்பதாக முறையிடுகிறார்கள். அப்பெண்களின் தந்தை அவர்களை அழைத்து வரச் சொல்கிறார். அவர் ஷுஐப் நபி (அலை) என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. மகள்களில் ஒருத்தி, இவரை வேலைக்கு அமர்த்துங்கள், பலமும் நம்பிக்கையும் உள்ளவரே அமர்த்தத் தக்கவர் என்று பரிந்துரைக்கிறாள்.

அங்கே பேசப்பட்ட ஒப்பந்தத்தைக் கவனியுங்கள். எட்டு ஆண்டு வேலை என்பது உறுதி. பத்தாக நிறைவு செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம், வற்புறுத்தல் இல்லை. அதற்கு ஈடாக மகள்களில் ஒருத்தியை மணமுடித்துத் தருவதாக வாக்கு. உமக்குச் சிரமம் கொடுக்க நான் விரும்பவில்லை என்று அமர்த்துகிறவரே முன்வந்து சொல்கிறார். அதற்கு மூஸா (அலை) அவர்கள், இவ்விரு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம் மீது அத்துமீறல் கூடாது என்று உறுதி செய்துகொண்டு, பேசியதற்கு அல்லாஹ்வைப் பொறுப்பாளனாக ஆக்குகிறார்கள்.

என்ன அற்புதமான ஒப்பந்தம்! காலம் தெரிந்தது, ஈடு தெரிந்தது, சிரமம் கொடுக்க மாட்டேன் என்ற வாக்குறுதி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நெகிழ்வு என்பது உழைப்பவர் கையில் இருந்தது. எட்டோடு நிறுத்தினால் தண்டனை இல்லை. பத்து வரை போனால் அது அவருடைய பெருந்தன்மை. மூஸா (அலை) அவர்கள் அவ்விரண்டில் கூடுதலானதையே நிறைவு செய்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. கட்டாயப்படுத்தாத இடத்தில் உழைப்பாளி அதிகமாகவே கொடுக்கிறான் என்பதும் இதில் நமக்குப் பாடம்.

இந்த அளவுகோலை இன்றைய மணி வேலையின் மீது வைத்துப் பாருங்கள். ‘நீங்கள் விரும்பிய நேரம் வேலை செய்யலாம்’ என்று விளம்பரம் சொல்கிறது. ஆனால் வந்த ஆர்டரை வேண்டாம் என்றால் மதிப்பெண் குறைகிறது. மதிப்பெண் குறைந்தால் நல்ல நேரங்கள் கிடைப்பதில்லை. இரவு பதினொரு மணி வரை நிற்காவிட்டால் ஊக்கத்தொகை போய்விடுகிறது. கூலி விகிதத்தை ஒரு தரப்பே மாற்றுகிறது. மறு தரப்புக்குத் தெரிவது செல்போனில் வரும் ஒரு வரிச் செய்தி மட்டும். வேலைக்குச் சேரும்போது பல பக்க நிபந்தனைகளுக்கு ‘சம்மதம்’ என்ற பொத்தானை விரலால் தொட்டதுதான் ஒப்பந்தம். இங்கே நெகிழ்வு யார் கையில் இருக்கிறது? மத்யனில் அது தொழிலாளி கையில் இருந்தது. நம் காலத்தில் பெயர் தொழிலாளியுடையது. பிடி வேலை வாங்குகிறவருடையது. கோளாறு இங்கேதான் இருக்கிறது. கோளாறு மணிக்கூலியில் இல்லை.

காத்திருக்கும் நேரம் யாருடையது?

நம் மார்க்கச் சட்ட மேதைகள் கூலிக்கு உழைப்பவரை இரு வகையாகப் பிரித்துள்ளார்கள். இதை மதரஸாவில் ஓதிய ஒவ்வொருவரும் அறிவர். நம் வீட்டார்களும் அறிந்து கொள்வது நல்லது.

முதல் வகை ‘அஜீர் காஸ்’. தம் நேரத்தை ஒருவருக்கு ஒப்படைத்தவர். மாதச் சம்பளத்துக்கு ஆடு மேய்ப்பவர், வீட்டு வேலை செய்பவர் போன்றோர். குறித்த நேரத்தில் அவர் வந்து தம்மை ஒப்படைத்துவிட்டால் கூலிக்கு உரியவராகிவிடுகிறார். முதலாளி அவருக்கு வேலை கொடுக்காமல் சும்மா உட்கார வைத்தாலும் சரியே. இரண்டாம் வகை ‘அஜீர் முஷ்தரக்’. சாயம் தோய்ப்பவர், சலவை செய்பவர் போன்று ஊருக்கெல்லாம் பொதுவாக வேலை செய்பவர். அவர் வேலையை முடித்தால்தான் கூலி. காத்திருந்த நேரத்துக்குக் கூலி இல்லை. ஏனெனில் அவருடைய நேரம் அவருடையதே. ஒருவர் துணியை வைத்துவிட்டு மற்றொருவர் துணியை எடுக்கலாம். கடையை மூடிவிட்டு ஊருக்கும் போகலாம். ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற ஹிதாயா நூலில் இந்த விளக்கத்தைக் காணலாம்.

இந்த வகைப்பாட்டில் எவ்வளவு நீதி பொதிந்திருக்கிறது என்று பாருங்கள். நேரத்தை ஒருவர் பிடித்து வைத்தால் அந்த நேரத்துக்கு அவர் விலை கொடுக்க வேண்டும். விலை கொடுக்க மாட்டேன் என்றால் நேரத்தைப் பிடித்து வைக்கக் கூடாது. ஒருவரை அஜீர் காஸைப் போல் கட்டிப் போட்டுவிட்டு, கூலி கொடுக்கும் வேளையில் மட்டும் ‘நீ அஜீர் முஷ்தரக்’ என்று கணக்கை மாற்றுவது ஷரீஅத்தின் தராசில் நிற்காது. ஓட்டல் வாசலில் வெயிலில் முக்கால் மணி நேரம் பொட்டலத்துக்காக நிற்கிறான் ஓர் இளைஞன். விட்டுவிட்டுப் போனால் தண்டம். நின்றால் கூலி இல்லை. அந்த முக்கால் மணி நேரம் யாருடையது? அவனுடையது என்றால் அவன் போக உரிமை வேண்டும். நிறுவனத்துடையது என்றால் அதற்குக் கூலி வேண்டும்.

வியப்பு என்னவென்றால், இதே கேள்வி பிரிட்டன் நாட்டின் உச்ச நீதிமன்றத்திலும் வந்தது. ஊபர் கார் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரி 19 அன்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஓட்டுநர்கள் சுதந்திரத் தொழில் செய்பவர்கள் அல்லர், தொழிலாளர்களே. பயணி ஏறிய நேரம் மட்டுமல்ல, செயலியைத் திறந்து வைத்துச் சவாரிக்குத் தயாராகத் தம் பகுதியில் காத்திருந்த நேரமும் வேலை நேரமே என்பது தீர்ப்பின் சாரம். அந்த நீதிபதிகள் ஹிதாயாவைப் பார்த்துத் தீர்ப்பெழுதவில்லை. ஆனாலும் நேர்மையாகச் சிந்திக்கும் அறிவு எங்கிருந்தாலும், நம் ஃபுகஹாக்கள் நூற்றாண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்த இடத்துக்கே வந்து சேர்கிறது.

நம் நாட்டிலும் சில படிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தொழிலாளர்களை முதன்முதலாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் தம் ஆண்டு வரவு செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை இவர்களின் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ராஜஸ்தான் மாநிலம் 2023இல் தனிச் சட்டமே இயற்றியது. தமிழக அரசும் அதே ஆண்டில் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. நம் பிள்ளைகள் இதில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். உரிமையைக் கேட்டுப் பெறுவது தவக்குலுக்கு முரணானதல்ல. தம் நிபந்தனையை வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்துகொண்ட மூஸா (அலை) அவர்களைவிடத் தவக்குல் உடையவர் நம்மில் யார்?

நேரம் நம் கைக்கு வந்தால்

இதுவரை வேலை வாங்குவோரைப் பற்றிப் பேசினோம். இனி வேலை செய்யும் நம் இளைஞர்களிடம் பேசுவோம்.

தம்பிகளே! மாதச் சம்பளக்காரர் பலர் நம்மிடம் வருந்திச் சொல்வதுண்டு: ‘ஜும்ஆவுக்கு விட மறுக்கிறார்கள்; லுஹருக்கு இடம் கிடைப்பதில்லை.’ ஃபர்ளான தொழுகை கூலியாளின் உரிமை என்பதே நம் சட்ட நூல்களின் முடிவு. ஜும்ஆவுக்குச் சென்றால் கூலியைப் பிடிக்கலாமா என்றுகூட அக்கால அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். பள்ளிவாசல் அருகில் இருந்தால் எதையும் பிடிக்கக் கூடாது. தூரமாக இருந்தால் போய் வந்த நேரத்தின் அளவுக்குக் குறைக்கலாம் என்ற விளக்கம் ஹனஃபி நூல்களில் வருகிறது. அவ்வளவு நுணுக்கமாகத் தொழுகைக்கும் இடம், முதலாளிக்கும் நியாயம் வைத்த மார்க்கம் இது.

உங்களுக்கோ அந்தத் தடை இல்லை. செயலியை மூடுவதும் திறப்பதும் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. ‘மேனேஜர் விடவில்லை’ என்ற சாக்கு மறுமையில் உங்களுக்கு உதவாது. அப்படியிருக்க, முன்பு ஆலைச் சங்குக்குப் பயந்து தொழாதவர்களைவிட இன்று ஆர்டர் மணி ஓசைக்கு மயங்கித் தொழாதவர்கள் அதிகமாகிவிடக் கூடாது அல்லவா?

ஒரு வாலிபர் நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத், மஃரிபு நேரத்தில்தான் ஆர்டர் குவிகிறது. அந்த நேரம் மூடினால் அன்றைய ஊக்கத்தொகை கைக்கு வராது. இஷாவோடு சேர்த்துத் தொழுதுவிடலாமா?” நாம் சொன்ன பதில் இதுதான்: சொந்த ஊரில் இருந்துகொண்டு வருமானத்துக்காகத் தொழுகையை அதன் நேரத்தை விட்டுப் பிற்படுத்த அனுமதி இல்லை. முஃமின்கள் மீது தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பது சூரத்துன் நிஸாவின் 103ஆம் வசனம். ஆனால் மஃரிபுடைய வக்து நம் பகுதியில் ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகவே இருக்கிறது. ஒளுவோடு இருந்து பழகுங்கள். ஓட்டல் வாசலில் காத்திருக்கும் பத்து நிமிடம் போதும், மூன்று ரக்அத்தை நிறைவாகத் தொழ. ஜமாஅத்தோடு கிடைத்தால் மேல். கிடைக்காவிட்டால் வக்துக்குள் தொழுது முடியுங்கள். பையில் ஒரு முஸல்லாவுக்கு இடம் இருக்கிறது. ஜும்ஆ நேரத்தில் மட்டும் செயலியை மூடித்தான் ஆக வேண்டும். அதில் பேரம் இல்லை. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்று சூரத்துல் ஜும்ஆ அனுமதியும் தந்துவிட்டதே! மூடச் சொன்னவனே திறக்கவும் சொல்கிறான். இடையில் இழந்ததை ஈடு செய்ய அவன் வல்லவன்.

அடுத்து, உடலின் ஹக்கு. மாதச் சம்பளக்காரருக்கு ஆலைச் சங்கு வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடும். உங்களுக்குப் போ என்று சொல்ல யாரும் இல்லை. இன்னும் ஓர் ஆர்டர், இன்னும் ஓர் ஆர்டர் என்று பதினாலு மணி நேரம் ஓடுகிறீர்கள். இரவெல்லாம் நின்று வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களையே, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உம்மீது ஹக்கு உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வணக்கத்துக்கே அந்த வரம்பு என்றால் வண்டி ஓட்டுவதற்கு வரம்பு வேண்டாமா? பத்து நிமிடத்தில் சோறு போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சிவப்பு விளக்கைத் தாண்டும் வாலிபனுக்கு வீட்டில் ஒரு தாய் காத்திருக்கிறாள்.

மூன்றாவது, வரவில் ஏற்றத்தாழ்வு. மழை நாளில் கை நிறைய வரும். மறுவாரம் வண்டி பழுதாகி வெறுங்கையோடு நிற்க வேண்டி வரும். காலையில் வெறும் வயிற்றோடு கூட்டை விட்டுப் போய் மாலையில் நிறைந்து திரும்பும் பறவையை நாயகம் (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உவமை சொன்னார்கள். அன்றாட வரவை நம்பி வாழ்பவருக்கு இதைவிட ஆறுதல் வேறில்லை. ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம் தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்பதும் புகாரியில் உமர் (ரலி) அவர்கள் வழியாக வருகிறது. நபி யூஸுஃப் (அலை) அவர்கள் ஏழு செழிப்பான ஆண்டுகளில் சேமித்து ஏழு பஞ்ச ஆண்டுகளைக் கடத்தினார்கள். ஆகவே நல்ல நாளின் வரவில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைப்பது ஸுன்னத்தான வழி. அப்படி இல்லாதபோதுதான் வண்டிக்கும் மருந்துக்கும் வட்டிக் கடன் வாசலைத் தட்டுகிறது. செல்போனிலேயே கடன் தரும் செயலிகளும் இப்போது வந்துவிட்டன. மணிக்கூலியில் வந்த ஹலாலை வட்டியில் கரைக்க வேண்டாம்.

வேலை வாங்கும் வீடுகளுக்கு

மேலே சொன்ன நிறுவனங்களைக் குறை கூறிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. நம் ஒவ்வொரு வீடும் இன்று சில மணி நேரத்துக்காவது முதலாளிதான்.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு நம் வீட்டிலிருந்து பிரியாணி ஆர்டர் போகிறது. ஆண்கள் ஜும்ஆவிலிருந்து வரும்போது சூடாக இருக்க வேண்டுமாம்! அந்தப் பொட்டலத்தைத் தூக்கி வருபவன் அப்துல் காதராகவோ முஹம்மது யூஸுஃபாகவோ இருந்தால், அவனுடைய ஜும்ஆ எங்கே போயிற்று? ரமலானில் மஃரிபு பாங்கு ஒலிக்கும் அதே நிமிடத்தில் ஹலீமும் குளிர்பானமும் வந்து சேர வேண்டும் என்று நாம் கேட்டால், அவன் எங்கே நோன்பு திறப்பான்? ஒரு மணி நேரம் முன்னதாக வாங்கி வைத்தால் நம் வீடு என்ன குறைந்துவிடும்? வந்து நிற்பவன் எந்த மதத்தவனாக இருந்தாலும், இஃப்தார் நேரத்தில் ஒரு பேரீச்சம்பழமும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து அனுப்புவது முஸ்லிம் வீட்டுக்கு அழகு.

வீட்டு வேலைக்கு மணிக்கணக்கில் வரும் பெண்மணி, பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்க அரை மணி நேரம் வரும் உஸ்தாது, சுவருக்கு வண்ணம் அடிக்க ஒரு நாள் வந்தவர். இவர்களிடம் கூலியை முன்கூட்டியே பேசிக் கொள்கிறோமா? ‘பார்த்துச் செய்வோம்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆள் அமர்த்துபவர் கூலி இவ்வளவு என்று தெரிவித்துவிட வேண்டும் என்பது அபூ ஸயீத் அல் குத்ரீ (ரலி) அவர்கள் வழியாக வரும் போதனை. கூலி தெரியாத ஒப்பந்தம் பழுதானது என்பது ஃபிக்ஹின் தீர்மானம். வேலைக்காரப் பெண்மணியை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு நாம் ஒன்பது வரை உறங்கினால், அவள் வாசலில் நின்ற அந்த ஒரு மணி நேரம் நம் கணக்கில் எழுதப்படும். பெருநாள் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விட்டு உஸ்தாதின் சம்பளத்தில் பத்து நாளைக் கழிக்கிறோமே, அவர் வரத் தயாராகத்தானே இருந்தார்? மாதத்துக்கு என்று பேசியிருந்தால் அது அவருடைய ஹக்கு.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி அண்ணலார் (ஸல்) அவர்கள் ஏவியதை நாம் மேடையில் முழங்குகிறோம். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸியும் புகாரியில் இருக்கிறது. ஏழையின் வக்கீலாக அல்லாஹ்வே நிற்கும் வழக்கில் நமக்காக யார் வாதாடுவார்?

மாறாக, குகையில் அடைபட்ட மூவரில் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கூலியாள் தன் தானியக் கூலியை வாங்காமலே போய்விட்டான். இவர் அதைப் பெருக்கி, மாடுகளும் மேய்ப்பனுமாக ஆக்கி, அவன் வந்து கேட்டபோது அத்தனையையும் ஒப்படைத்தார். அந்த ஒரு செயலைச் சொல்லித் துஆ கேட்டபோது மலைப் பாறையே விலகியது.

இனி, பெண் கொடுக்கத் தயங்கும் பெற்றோருக்கு ஒரு சொல். மாப்பிள்ளையின் வேலை நிரந்தரமா என்று கேட்கிறீர்கள். எந்த வேலை நிரந்தரம்? பெரிய ஆலைகள் மூடப்பட்டதையும் நாம் கண்டோம். அவன் தொழுகையாளியா, வட்டியை அஞ்சுபவனா, கையில் வந்ததில் கொஞ்சம் மிச்சம் வைப்பவனா என்று கேளுங்கள். வீடற்று, ஊரற்று, கிணற்றடி நிழலில் அமர்ந்திருந்த ஒரு வாலிபருக்குத் தம் மகளை மணமுடித்துக் கொடுத்தார் மத்யன் பெரியவர். அவர் பார்த்தவை பலமும் நம்பிக்கையும். ஏழைகளாக இருந்தால் அல்லாஹ் தன் அருளால் அவர்களைச் செல்வர்களாக்குவான் என்ற சூரத்துந் நூரின் 32ஆம் வசனம் திருமண வீடுகளுக்காகவே அருளப்பட்டது.

பள்ளிவாசல் செய்ய வேண்டியது

நம் ஜமாஅத்துகளிடம் ஒரு வேண்டுகோள். வெயிலில் அலையும் இத்தொழிலாளர்களுக்காகச் சென்னை மாநகராட்சி 2025இல் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. நம் பள்ளிவாசல்களோ காலங்காலமாகக் கடைவீதியின் நடுவிலேயே இருக்கின்றன. ஹவுளும் உண்டு, கழிப்பறையும் உண்டு, நிழல் தரும் தாழ்வாரமும் உண்டு. லுஹர் முடிந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டு அசருக்குத்தான் திறக்கிறோம். அந்த இடைவேளையில் ஒரு தாழ்வாரத்தையாவது திறந்து வைத்து, ஒரு பானைத் தண்ணீர் வைத்தால் என்ன? தொழ வராத வாலிபனும் தண்ணீர் குடிக்க வருவான். தண்ணீர் குடிக்க வந்தவன் பாங்கு கேட்டால் ஸஃப்பில் வந்து நிற்பான்.

பைத்துல்மால் உள்ள மஹல்லாக்கள் வண்டி பழுது பார்க்கவும், விபத்தில் படுத்தவன் வீட்டுக்கு அரிசி வாங்கவும் வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். நலவாரியத்தில் பெயர் பதியத் தெரியாதவர்களுக்குப் படித்த இளைஞர்கள் ஒரு நாள் உட்கார்ந்து பதிந்து கொடுக்கலாம். அன்று முதலாளி ஆள் அனுப்பி விசாரித்தார். இன்று செயலி விசாரிக்காது. ஜமாஅத்துதான் விசாரிக்க வேண்டும்.

சகோதரர்களே! வேலையின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். நம் பாட்டனார்கள் பினாங்குக்கும் கொழும்புக்கும் கப்பலேறினார்கள்; தந்தையர் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள்; பிள்ளைகள் செல்போனைப் பார்த்து ஓடுகிறார்கள். ரிஸ்கின் கதவு மாறினாலும் ரஸ்ஸாக் ஒருவனே. மாதமாக விற்றாலும் மணியாக விற்றாலும் மனிதன் விற்பது அவனுடைய ஆயுளின் ஒரு துண்டை. வாங்குகிறவர் அதற்குரிய விலையைக் கொடுக்கட்டும். விற்கிறவர் தன்னைப் படைத்தவனுக்குரிய மணிகளை விற்காமல் ஒதுக்கி வைக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வாயாக! சாலைகளில் அவர்களைப் பாதுகாப்பாயாக! எங்களிடம் வேலை செய்வோரின் ஹக்கில் ஓர் அணுவளவும் எங்கள் கழுத்தில் தங்கிவிடாமல் காப்பாயாக! தொழுகையின் நேரத்தையும் உழைப்பின் நேரத்தையும் அமானத்தாகப் பேணும் தவ்ஃபீக்கை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.